இன்பராஜ் ஏலம் விட்ட கிளப் நாற்காலி

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் இன்பராஜ் கடை எங்கே என்று கேட்டால், எந்த இன்பராஜ் என்று திருப்பிக் கேட்பார்கள். 'இன்டர்நேஷனல் இன்பராஜ்' என்று சொன்னால்தான் பழைய சாமான் கடையைக் கை காட்டுவார்கள். இந்தப் பட்டத்தை ஊர் கொடுக்கவில்லை. அவரே விசிட்டிங் கார்டில் அச்சடித்து, எதிரே வந்தவர் கையிலெல்லாம் திணித்து, ஊரின் வாயில் ஏற்றிவிட்டார். பட்டம் வேண்டுமென்றால் அப்படித்தான் வாங்க வேண்டும். யாராவது கொடுப்பார்கள் என்று காத்திருந்தால் கல்லறையில்தான் எழுதுவார்கள்.

பிறந்தது சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில். தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கம்பெனி கட்டிப்போட்ட வரிசை வீடுகளுக்கு அங்கே லைன் என்று பெயர். நாலாம் வகுப்போடு அவர் பள்ளிக்கூடத்தை விட்டார். பள்ளிக்கூடமும் அதற்காக ஒரு நாள் லீவு விடவில்லை. மீசை கறுத்ததும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, ஷாப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் இறங்கினார். சுரங்கத்தை மூடிய பிறகு, கூட வேலை பார்த்தவர்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூரில் எவன் வாசலிலோ செக்யூரிட்டி உடுப்பில் நின்றார்கள். இன்பராஜ் நிற்கவில்லை. "பூமிக்கு ஒரு மைல் கீழ நின்னவன் நானு. எவன் கேட்டுக்கும் சலாம் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, காலியான ஆபீசர் பங்களாக்களிலிருந்து வீசிய சாமான்களைக் கைவண்டியில் ஏற்றினார். ஓடாத கடிகாரம், டீ குடிக்கும் எனாமல் மக்கு, பித்தளை விளக்கு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அதே சாமானைத் தேடிப் பெங்களூரிலிருந்து கார் வந்தபோது, சிரித்தவர்களே வண்டிக்கு முன்னால் ஓடி வழி காட்டினார்கள்.

மகள் வாணி தினமும் ரயிலில் போய்வந்து பெங்களூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள்தான் இணையத்தில் இருக்கும் பெரிய ஏலத் தளம் ஒன்றில் அப்பாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தாள். மக்கு டெல்லிக்குப் போயிற்று. விளக்கு புனேவுக்குப் போயிற்று. ஒரு தடவை பித்தளை டோக்கன் ஒன்று பெல்ஜியத்துக்கே போயிற்று. பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்று இன்பராஜுக்குத் தெரியாது. இன்பராஜ் எங்கே இருக்கிறார் என்று பெல்ஜியத்துக்குத் தெரிந்துவிட்டது அல்லவா, அது போதாதா? மறுவாரமே கார்டு அச்சாகிவிட்டது.

எல்லாம் போயிற்று. போகாதது ஒன்று. ஆபீசர் கிளப்பில் துரைமார் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்ட சலூன் நாற்காலி. வார்ப்பிரும்புக் கால், பீங்கான் கைப்பிடி, மிதித்தால் உயரும், தட்டினால் சுற்றும். நாலு ஆள் சேர்ந்தால்தான் அசையும். கடை வாசலில் நட்டநடுவில் அது பல வருஷமாகக் கொலு வீற்றிருந்தது.

அந்த இடத்தின்மேல் இன்பராஜின் மனைவி லூயிசாவுக்குக் கண். அவர் சுடும் ரோஸ் குக்கீஸ் என்கிற அச்சு முறுக்குக்கும், சோழிபோல் சுருட்டிய இனிப்புக் கல்கல்லுக்கும் கிறிஸ்துமஸ் மாதத்தில் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். கடைத்தெருவில் ஒரு கண்ணாடி அலமாரி போட்டால் வருஷம் முழுக்க நிற்கும் என்பது லூயிசாவின் கணக்கு. கணக்கு சரிதான். நாற்காலிதான் குறுக்கே நின்றது.

"இன்னாங்க, இது இன்னும் எத்தினி வருசம் இங்கியே குந்திகினு இருக்கும்?"

"குந்தறதுக்குத்தானமே நாற்காலி கீது."

"அதுல யாரு குந்தறாங்க? பூனதான் குந்துது. டிசம்பர் ஒன்னாந்தேதி என் அலமாரி இந்த எடத்துல நிக்கணும். நாற்காலி போவலன்னா இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியும்."

எதிர்க்கடை சம்பங்கிக்குக் காது நீளம். பழைய இரும்பு எடுக்கிறவர். இன்பராஜோடு ஒரே ஷிப்டில் ஒரே கேஜில் இறங்கியவர், ஆகையால் மரியாதை கிடையாது.

"மச்சான், பேசாம என்கிட்ட தள்ளிவுடு. சுத்தியல்ல நாலு போடு போட்டு, தோல் சீட்ட கழிச்சிட்டு, நல்ல இரும்பு ரேட்டுக்கே எடுத்துக்கறேன்."

"இது எடைக்குப் போற சாமான் இல்லடா. உன்னத்தான் எடைக்குப் போடணும்."

"என்னப் போட்டா உனுக்குக் கட்டுப்படி ஆவாது மச்சான், வெறும் எலும்பு."

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்பராஜுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "டிசம்பர் பொறக்கறதுக்குள்ள இந்த நாற்காலி ஆன்லைன் ஏலத்துல போவும். போவலன்னா நானே இத உன் தராசுல தூக்கி வெக்கறேன்!"

சொன்ன வாக்கு கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. அந்தப் பெரிய தளம் இன்பராஜின் கணக்கை மூடி அப்போதே ஒரு வாரம் ஆகியிருந்தது. மக்கில் கீறல் இருப்பதாக டெல்லிக்காரி ஒருத்தி குறை எழுதியிருந்தாள். "ஷாப்ட்டுக்குள்ள போய்ட்டு வந்த மக்குல கீறல் இருக்காம கன்னத்துல குழியா விழும்?" என்று இன்பராஜ் பதில் எழுதினார். அதைத் தளமே இந்தியில் மாற்றி அந்த அம்மாளுக்கு அனுப்பியது. இந்தியில் அது என்ன ஆயிற்றோ, மறுநாள் கதவு சாத்திவிட்டார்கள். இந்த விஷயம் வீட்டோடு இருந்தது. கார்டில் இன்டர்நேஷனல் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவும் மகளும் மாற்றுத் தளம் தேட உட்கார்ந்தார்கள்.

"சின்ன வியாபாரிங்களுக்குன்னே நெறைய சைட் இருக்கு டாடி. நீங்க சும்னே இருங்க, நான் போடறேன்" என்றாள் வாணி.

இன்பராஜ் சும்மா இருந்தால் அவர் இன்பராஜா? "நூறு வருசத்துக்கு மேல ஆன நாற்காலின்னு போடுமே. இல்லல்ல, நூத்தி இருபதுன்னு போடு" என்றார். அவருக்கே தெரியாத வயது. போட்டாள். அந்தத் தளம் ஒரு மணி நேரத்தில் பதில் அனுப்பியது: நூறு வருஷம் தாண்டினால் அது தொல்பொருள், அரசாங்கத்தில் பதிவு செய்த சான்றிதழ் எங்கே? இன்பராஜ் அப்போதே இறங்கி வந்தார். "செரி, தொண்ணூறுன்னு போடு." மத்தியானம் நூற்றிருபது, சாயங்காலம் தொண்ணூறு. ஒரே நாளில் முப்பது வயது குறைந்த நாற்காலியை அவர்கள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். படத்தையே தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அடுத்த தளம் தமிழிலேயே பேசியது. இன்பராஜுக்கு உற்சாகம். வாணி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தானே உட்கார்ந்து நிரப்பினார். பெயர் கேட்டது, எழுதினார். அடுத்து 'முகவரி லைன் 1' என்று கேட்டது.

இன்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். லைன் ஒன்றா? அது மேஸ்திரிகள் இருந்த லைன். இவர் பிறந்தது நாலாவது லைன். அதையும் விட்டு இருபது வருஷத்துக்குமேல் ஆகிறது. காலியாக விட்டுவிட்டு, கீழே லைன் 2 என்று இருந்த இடத்தில், 'லைனில் இப்போது இல்லை, ஆண்டர்சன்பேட்டையில் சொந்த வீடு, மாடியும் உண்டு' என்று எழுதினார். 'லைன் 1 கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி சிவப்பு.

சாயங்காலம் வாணி வந்தபோது அவர் முகமும் அதே நிறத்தில் இருந்தது.

"என்னத் திரும்ப லைனுக்குப் போவச் சொல்றான்மே! லைன்ல இருந்தவன்னா எப்பவும் லைன்லயே இருக்கணுமா? வூடு கட்டனவனுக்கு ஒரு மதிப்பு வாணாம்?"

வாணி சிரித்துச் சிரித்து டிபன் பாக்ஸைக் கீழே போட்டாள். சிரித்து முடிப்பதற்குள் அந்தத் தளமும், திரும்பத் திரும்பத் தவறிய ஆள் என்று அவரைப் பூட்டிவிட்டது.

கடைசியில் ஒரு தளம் ஏற்றுக்கொண்டது. பத்து நாள் ஏலம். இன்பராஜ் கடை திறக்கும்போதும் சாத்தும்போதும் பார்த்தார். இருபத்து மூன்று பேர் பார்த்திருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யார் என்று தெரியாது. மற்ற சாமான்களுக்குக் கேட்டவர்கள் பெயரெல்லாம் முதல் எழுத்தும் வால் எழுத்தும், நடுவில் நட்சத்திரமுமாக இருந்தன.

அதைப் பார்த்ததும் இன்பராஜுக்கு நோய் விளங்கிவிட்டது. காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும் கோயில் அறுப்பின் பண்டிகையில் வருஷா வருஷம் ஏலம் கூறுகிறவர் அவர்தான். ஒரு பூசணிக்காய் ஆட்டு விலைக்குப் போவதை அவர் வாயாலேயே கூவியிருக்கிறார். பூசணிக்காய் ருசிக்கா போகிறது? இந்தப் பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம், அந்தப் பக்கத்து பெஞ்சில் அதன் பங்காளி. அவ்வளவுதான். மூஞ்சியை மூடிக்கொண்டு ஏலம் கேட்கச் சொன்னால் எவன் கேட்பான்?

ஒருவரும் கேட்காமலே ஏலம் முடிந்த நாள் நவம்பர் கடைசி வாரம். சம்பங்கி தராசுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், இன்பராஜ் பார்க்கிற மாதிரி. இன்பராஜுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனவர் போனை எடுத்து, வாணிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்:

"நட்சத்திரம் போட்டுகினு நாற்காலி கேக்கறானுங்களாமே, நட்சத்திரம்! கிளப் நாற்காலிமே இது! நம்ம அப்பனுங்க கிட்டக்கூட போவ முடியாத நாற்காலி! இத சம்பங்கி சுத்தியலால ஒடைக்கப் போறான். வேணும்னா மானமா பேரச் சொல்லி வந்து கேளுங்கடா!"

நடுவே குக்கர் விசிலும், "மொதல்ல அத வித்துத் தொலைங்க" என்று லூயிசாவின் குரலும் பதிவாகியிருந்தன.

அது வாணிக்குப் போகவில்லை. 'சாம்பியன் ரீப்ஸ் பழைய சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. காலையில் பூப்படமும், மாலையில் இரங்கல் செய்தியும் தவிர வேறெதுவும் நடக்காத குரூப். அதில் முந்நூறு பேர், பாதிக்குமேல் வெளியூர், வெளிநாடு.

முதலில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பிறகு பெங்களூரிலிருந்து அனில் என்கிறவர் எழுதினார்: கிளப்பில் தன் தாத்தா ஹெட் கிளார்க், ஒரு நியூ இயருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தே முடி வெட்டிக்கொண்டவர், அதைத் தானே எடுத்துக்கொள்வதாக. விலையும் போட்டிருந்தார்.

உடனே கடல் தாண்டிப் பெர்த் நகரத்திலிருந்து ஒரு குரல். அங்கே பஸ் ஓட்டும் ஃப்ரெடி. "அண்ணே, அனில் தாத்தா ஒரு நாள் குந்தினாரு. எங்க டாடி அங்க தெனம் கீழ வுழுந்த முடியக் கூட்டினாரு. அவர ஒரு நாளும் குந்த வுடல. அந்த நாற்காலி எனுக்குத்தான்." அவரும் ஒரு விலை சொன்னார். அனில் சொன்னதைவிட ஒரு படி மேலே.

இன்பராஜுக்கு அதற்குமேல் எந்தத் தளம் வேண்டும்? கடைக்கு ஓடிவந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பண்டிகைக் குரலை எடுத்துப் போனுக்குள் விட்டார்.

"பெர்த்து ஃப்ரெடி கேட்டாச்சு! ஹெட் கிளார்க் பேரன் இன்னா சொல்றாரு? ஒரு தரம்...!"

அனில் ஏற்றினார். ஃப்ரெடி ஏற்றினார். டீக்கடை பெஞ்சு எழுந்து கடை வாசலுக்கு வந்தது. பக்கத்துக் கோரமண்டல் பகுதியிலிருந்து காய்கறி வாங்க வந்தவர்கள்கூடப் பையோடு நின்றுவிட்டார்கள். சம்பங்கி தராசை விட்டுவிட்டு ஓடிவந்து, "மச்சான், வுடாத, பேரன் இன்னும் தாங்குவாரு!" என்று தானும் கூவினார். தன் பந்தயம் தோற்கிறது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமே இல்லை. ஏலம் என்றால் அதுதான் ஏலம்.

விலை ஒரு கறவை எருமையைத் தாண்டி, கன்றையும் தாண்டியபோது அனில் கும்பிடு போடும் பொம்மையை அனுப்பிவிட்டு ஒதுங்கினார். "மூணு தரம்! பெர்த்து ஃப்ரெடி!" என்று இன்பராஜ் நாற்காலியைத் தட்டினார். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சாயங்காலத்துக்குள் பணம் வாணியின் போனுக்கு வந்துவிட்டது.

இன்பராஜ் அன்று கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை காரணமில்லாமல் நடந்தார். சம்பங்கியின் தராசுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

மறுநாள் காலை, எல்லாரும் இருக்கும்போது, ஃப்ரெடியின் குரல் வந்தது.

"அண்ணே, ரொம்ப தேங்க்ஸ். நாற்காலி அங்கியே இருக்கட்டும். நான் இருக்கறது மூணாவது மாடி வாடக வூடு. ஊருக்கு வர்றப்ப வந்து குந்தறேன். அடுத்த வருசமோ அதுக்கு அடுத்த வருசமோ வருவேன். அதுவரிக்கும் வேற யாரும் குந்தாம பாத்துக்கோங்க அண்ணே. பூனகூட வாணாம்."

சம்பங்கிதான் முதலில் பேசினார்.

"ஒத்துக்கறேன் மச்சான். ஏலத்துல வித்துட்ட. ஆனா எப்ப போவுது?"

இன்பராஜ் பூனையை நாற்காலியிலிருந்து விரட்டினார். அதற்குள் லூயிசா உள்ளே போய், ஓடாத கடிகாரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவந்து நடைபாதையில் வைக்கத் தொடங்கினார்.

"இன்னாமே பண்ற?"

"வித்த பொருள நாம தொடக்கூடாது. அதான் விக்காத பொருள வெளிய வெக்கறேன்."

டிசம்பர் ஒன்றாம் தேதி கண்ணாடி அலமாரி வந்துவிட்டது. உள்ளே ரோஸ் குக்கீஸ், கல்கல், லூயிசா. நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, குடை கட்டி, எனாமல் மக்குகளுக்கு நடுவே கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பாவின்மேல் இன்டர்நேஷனல் இன்பராஜ். பலகாரம் வாங்க வருகிறவர்கள் துணியைப் பார்த்து என்னவென்று கேட்பார்கள்.

"அதா? பாரின் பார்ட்டி சாமான். ஆன்லைன்ல போச்சு" என்பார் இன்பராஜ், நெஞ்சை நிமிர்த்தி.

"இன்னாங்க, அந்தாண்ட நவுந்து குந்துங்க" என்பார் லூயிசா உள்ளேயிருந்து. "அலமாரிய மறைக்கறீங்க."

இன்பராஜ் டப்பாவோடு நகர்ந்து உட்காருவார்.