எமில்டா எடுத்த ஃபோன்

ரெக்ஸ்டேல் வட்டாரத்தில் மாதா கோயில் தமிழ்ச் சனம் எமில்டா ஃபோனில் சொல்லும் ஆளுக்குத்தான் வாக்குப் போடும். கவுன்சிலர் துரைசீலன் இரண்டு முறையும் வென்றது அப்படித்தான். போன ஞாயிறு பூசையில் அவருடைய மனைவி றஜிதாவின் கன்னம் கன்றிப்போயிருந்தது. எமில்டா கேட்டதும், அவர் அடித்ததைச் சொல்லி அழுதாள்.

“உது வீட்டு விசயம், அன்ரி. எங்கட சனம் கூடுறதுக்குச் சென்ரர் எடுத்துத் தந்த மனுசன்,” என்றான், அவருடைய பிரசாரத்தை நடத்தும் றிச்சர்ட். இந்தமுறையும் ஃபோன் எடுக்கச் சொல்லி எமில்டா வீட்டுக்கு வந்திருந்தான்.

“சென்ரர் எங்கட வரிக்காசு, தம்பி. அடிச்சது அவற்ற சொந்தக் கை.”

“எங்கட ஆளை நாங்களே கவிழ்க்கிறதோ?”

“அப்ப றஜிதா ஆற்ற ஆள்?”

எமில்டா அவன் முன்னாலேயே முதல் வீட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

“அக்கா, இந்தமுறை துரைசீலனுக்குப் போடாதேங்கோ. ஏனெண்டு அவரிட்டையே கேளுங்கோ.”