கீழே இறங்காத கண்

தட்டைச் சுற்றிச் சோறு சிந்திக் கிடந்ததுதான் முதலில் என் கண்ணில் பட்டது. ஒரு பருக்கையைக்கூட வீணாக்காத மனிதர் என் வீட்டுக்காரர். அன்றைக்கு எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பிசைந்தார். விரல்கள் பாதி தட்டிலும் பாதி தரையிலும் அலைந்தன. குழம்பு பிடிக்காத கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கூச்சக்காரி. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவருக்குத் தி.நகரில் ஒரு பட்டுக்கடையில் வேலை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புடவையை ஒரே வீச்சில் விரித்துக் காட்டுவார். எங்களைப் போலவே தெற்கேயிருந்து வந்த முதலாளி வைத்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. பெண்களுக்குக் காட்டும்போது கண் புடவையில்தான் இருக்க வேண்டும், முகத்துக்குப் போகக் கூடாது. அதில் அவருக்குப் பெருமைகூட. "எந்தப் புடவைக்குக் கை திரும்பத் திரும்பப் போகுதுன்னு பாத்தாப் போதும்ட்டி. மூஞ்சி எதுக்கு?" என்பார்.

அப்புறம் விழ ஆரம்பித்தார். எதுவும் தடுக்காமலே, நின்ற வாக்கில் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவார். மயிலாப்பூரில் எங்கள் சந்துக் குழாயடியில் ஒருநாள் அப்படி விழுந்தபோது எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரரு காலைலயே ஏத்திக்கினாரா?" குடியை வாழ்நாளில் தொடாத மனிதர். ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். கைத்தாங்கலாக அவரை உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். தெரு டாக்டர், வயசாச்சு, சத்து போதலை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒருநாள் மத்தியானமே திறக்காத சாப்பாட்டுத் தூக்குடன் வீடு திரும்பினார். பின்னாலேயே முதலாளி போன் செய்தார். "அக்கா, அண்ணாச்சி இனிமே வர வேண்டாம். பொம்பளையாளுகள முறைச்சு முறைச்சுப் பாக்காராம். கண்ணக்கூடச் சிமிட்ட மாட்டேங்காராம். மூணு பேரு சொல்லிட்டாக, நான் என்ன செய்ய?"

"நான் பாக்கலட்டி" என்றார் அவர். நாக்கு குழறியது. நான் கடையைத்தான் நம்பினேன். சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். எட்டு மாதம் அப்படியே போனது.

கடைசியில் மகள்தான் அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் பேனாவை இவர் முகத்துக்கு நேரே பிடித்து, பக்கவாட்டில் நகர்த்தினார். கண்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தன. பேனா கீழே இறங்கியது. கண்கள் அங்கேயே நின்றன. மறுபடியும் இறக்கினார். அசையவில்லை.

"இதுக்குப் பேரு பி.எஸ்.பி., ஒரு மூளை நோய். ‘டௌ’ங்கிற ஒரு புரதம் மூளையில தப்பாச் சேர்ந்துக்கிட்டே போகுது. கண்ணைக் கீழ இறக்க முடியாது, இமைக்கிறதும் குறைஞ்சிடும், பின்னால விழுவாங்க. நிறையப் பேருக்கு இது இன்னதுன்னு தெரியாமலே போயிடுது" என்றார். மருந்து உண்டா என்று மகள் கேட்டாள். நிறுத்துகிற மருந்து இல்லையாம்.

அவர் அந்தப் பெண்களைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த புடவையைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். மகள் போன பிறகு அவர் காலில் விழுந்தேன். நெற்றி பாதத்தில் பட்டது. அவர் முகம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கட்டி போய்ட்ட?" என்றார்.

நான் கீழே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து, அவர் கண்ணுக்கு நேராக நின்று, உங்களை நம்பாமல் போனேன் என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்றேன். இமைக்காத அந்தக் கண்கள் என்மேலேயே இருந்தன. "காபி போடட்டுமா?" என்று கேட்டேன்.

பிறகு பேச்சு போயிற்று. விழுங்குவது போயிற்று. அவரும் போய் மூன்று வருஷம் ஆகிறது. கடையில் இன்றைக்கும், பொம்பளைகளை முறைத்துப் பார்த்தவர் என்றுதான் அவரைச் சொல்கிறார்களாம். அவரிடமே சொல்லாதவள், அங்கே போய் என்ன சொல்வேன்?