ஒரே வீட்டார் சேரக் கூடாது

என் அண்ணிக்கு உட்கார்ந்து டீ குடிக்கத் தெரியாது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியை நகர்த்துவாள், ஜன்னலைத் திறப்பாள், திறந்ததை மூடுவாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஏன் இப்படி என்று நான் கேட்டால், "நீ குடி, எனக்கு வேலை இருக்கு" என்பாள். லேத் முன்னால் நின்றால் மட்டும் அசையமாட்டாள்.

அந்த லேத்தும் அண்ணனுடையதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவன் பேனாப் பட்டறையில் கடைசல் சுருளைப் பெருக்கினாள். பிறகு பேனாவின் உடலையும், நிப்பைச் செருகும் கழுத்தையும் கடையப் பழகி, அண்ணனை விட வேகமாகக் கடைந்தாள். நிப்புக்கு அடியில் மையை இழுத்துக் கொடுக்கும் கருப்புத் துண்டு ஒன்று உண்டு, நாங்கள் நாக்கு என்போம். அதை மட்டும் அண்ணன் வெட்டுவான். அவன் நாக்கு அவள் கழுத்துக்குள் வெண்ணெயாக இறங்கும். ஆனாலும் வாங்குகிறவர்கள் "உங்க வீட்டுக்காரர் பேனா அருமை" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் சிரித்து வைப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் எங்கள் பேனா சங்கத்தில், இருவர் சேர்ந்து கையால் பேனா செய்யும் போட்டி வைப்பதாக முடிவாயிற்று. விதிகளை எழுதும் பொறுப்பை அண்ணி தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதுவாள், கிழிப்பாள், பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் ஒரு வரியை மாற்றுவாள். கடைசியில் கூட்டத்தில் எழுந்து படித்தாள். மூன்றாவது விதி வந்ததும் அண்ணன் முகம் தொங்கிவிட்டது. ஒரே வீட்டார் ஜோடி சேரக் கூடாது.

"என்னோட சேர்ந்து செய்ய உனக்குப் பிடிக்கலையா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"பிடிக்காம என்ன? நான் மட்டும்னா எப்படிச் செய்வேன்னு எனக்குத் தெரியணுங்க. இதுவரைக்கும் தெரியாது."

சங்கத் தலைவர் எதற்கும் செருமிவிட்டுத்தான் பேசுவார். எங்களுக்கு அவர் செருமல்காரர். செருமினார். அவரவர் கொண்டுவந்திருக்கும் பாகங்களை வைத்து இங்கேயே ஒத்திகை பார்த்துவிட்டு விதியை வைப்போம் என்றார். அண்ணிக்கு, சங்கத்தில் பேனாவும் செய்கிற வாட்ச் ரிப்பேர்காரர் ஜோடி. அண்ணன் யாரும் வேண்டாமென்று மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான்.

அண்ணி கடைந்த கழுத்தில் வாட்ச் ரிப்பேர்காரர் தன் நாக்கைச் செருகி, மை நிரப்பிக் கொடுத்தார். அவள் முதல் எழுத்தை முடிப்பதற்குள் பொத்தென்று மை தாளில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் பொத். அடுத்தது என் மடியில். அண்ணி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா, நான் இல்லாம ஒழுகுது" என்றான் அண்ணன். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் சகிக்க முடியவில்லை.

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல உனக்கு. நீ வெட்டுனதை அவர் கழுத்துல போட்டுக் காட்டேன் பாப்போம்" என்றேன்.

பையிலிருந்து ஒரு நாக்கை எடுத்து வாட்ச் ரிப்பேர்காரர் கடைந்த கழுத்தில் வைத்தான். நுழையவில்லை. "இவர் துளை சிறுசு" என்றான். செருமல்காரர் தான் கடைந்த கழுத்து ஒன்றை நீட்டினார். அதிலும் நுழையவில்லை. வீம்புக்கு அழுத்தினான். கழுத்து இரண்டாகப் பிளந்துவிட்டது.

அண்ணி அவன் விரலிலிருந்து அந்த நாக்கை வாங்கித் தன் கழுத்தில் வைத்தாள். சத்தமில்லாமல் இறங்கியது.

"நீங்க எப்பவும் ஒரு மயிரிழை தடிமனா வெட்டுறீங்க. நான் அதுக்கேத்த மாதிரி அகலமாத் துளைச்சே பழகிட்டேன், லேத்தைத் தொட்ட நாள்லேருந்து. சரியான அளவு எதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது." எனக்கு அழுகை வந்தது.

செருமல்காரர் செருமினார். "அப்ப இந்த விதி வேணாம்மா. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா அதைவிட நல்ல பேனா இங்க கிடையாது. சேர்ந்தே செய்ங்க." மூன்றாவது விதியை அடிக்கக் குனிந்தார். அண்ணி தடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

உடைந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்தபடி அண்ணன் எழுந்து வந்தான்.

"அடிக்காதீங்க" என்றான். "எனக்கும் என் அளவு தெரியலை."