ஏழாவது கம்பி

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ‘சுருதி’ என்று பட்டப்பெயர். பாட்டுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பந்தயச் சைக்கிள்களுக்குச் சக்கரம் கட்டுவார். கட்டி முடித்ததும் பட்டறையில் யாரும் மூச்சுவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டுவார். எல்லாம் ஒரே குரலில் ஒலிக்க வேண்டும். ஒன்று மந்தமாக ஒலித்தாலும் அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மந்திரியே வந்து நின்றாலும் சக்கரம் வெளியே போகாது.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் தம்பி ஒரு பந்தயத்தில், மலையிறக்கத்தில் விழுந்து செத்துப்போனார். முன்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்து, ரிம் நெளிந்து, பிரேக்கில் சிக்கிக்கொண்டது. இவர் கட்டிய சக்கரம். அதைத் தூக்கி எறியுங்கள் என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே! பட்டறைச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டிவைத்தார்.

போன மாசம் தம்பி மகள் தன் அப்பாவின் அந்தப் பழைய சைக்கிளோடு வந்து நின்றாள். தோளில் புது கார்பன் சக்கரங்கள்.

“பெரியப்பா, ஞாயித்துக்கிழமை அப்பா போன அதே பந்தயம். நான் இந்த வண்டியிலதான் போறேன். வீல மாத்திக் குடுங்க.”

இவர் உடனே வேலையில் இறங்கினார். புதுப் பின்சக்கரத்தின் நடுக்குடம், அந்த ஹப், பழைய பிரேமுக்கு நாலு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். இரும்புதானே, பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பொருத்தினார். பிரேக் கட்டைகளையும் மாற்றினார். பிறகு முன்சக்கரத்தைச் சுண்ட உட்கார்ந்தார். காற்றடிக்கும் வால்விலிருந்து ஏழாவது கம்பியில் விரல் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

“மந்தமா இருக்குடி.”

எனக்கு நன்றாகத்தான் கேட்டது. கம்பியை மாற்றினார். அப்போதும் மந்தம் என்றார். வேறு சக்கரமே வரவழைத்தார். அதிலும் ஏழாவது.

“மொதல்ல போய் காதைக் காட்டுங்க” என்று எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறையில் நான் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தேன். காற்று இல்லை. ஆறு தடவை கணீர் கணீரென்று கேட்டது. ஏழாவது, தொப். திரும்பினேன். கொக்கியில் தொங்கிய நெளிந்த சக்கரம். அதில் ஏழாவது கம்பி இருந்த இடம் காலி, அறுந்தது அதுதான். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

சனிக்கிழமை காலை அவள் வந்தாள். இவர் ஹேண்டிலை விடவேயில்லை.

“தர மாட்டேன்மா. அன்னைக்கும் ஏழாவது மந்தமா இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. உங்கப்பன் அவசரப்படுத்தினான். வந்தப்புறம் இறுக்கிக்கலாம்னு விட்டுட்டேன்.”

எட்டு வருஷமாகக் கட்டின பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்காத மனுஷன்! எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவள் தரையைப் பார்த்தபடியே பேசினாள். “அப்பாவுக்கும் கேட்டுச்சு பெரியப்பா. கிளம்பறப்ப அவரும் சுண்டிப் பாத்தாரு. ஒண்ணு சரியில்லையேன்னாரு. அப்ப போகாதீங்கன்னு சொன்னேன். ‘அண்ணன் குடுத்துட்டாருன்னா சரியாத்தான் இருக்கும்’னு சிரிச்சிட்டே போயிட்டாரு.”

இவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தை மறுபடி சுண்டினார். ஏழாவதைத் தாண்டியும் விரல் ஓடியது.

“எல்லாம் சுத்தமா இருக்கு. எடுத்துட்டுப் போ, தாயி.”

இந்தத் தடவை ஏழாவது எனக்கு மந்தமாகக் கேட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“இறுக்குங்க.”

“உனக்கென்னடி தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. காதுல விழுந்துச்சு. கேட்டுட்டு நான் சும்மா விட மாட்டேன்.”

முணுமுணுத்தபடி கம்பி இறுக்கும் சாவியைப் போட்டார். அது அரைச் சுற்று லேசாகத் திரும்பியது. கம்பி நிஜமாகவே தளர்ந்திருந்தது. இறுகும்வரை திருகினார்.

சாவியை எடுத்த அதே நேரம் எங்கள் முதுகுக்குப் பின்னால், கொக்கிப் பக்கமிருந்து, ஏழு தடவையும் கணீரென்று கேட்டது. மூன்று பேரும் கேட்டோம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.