இந்தியாவின் நிலைப்பாடு

மத்திய அரசு வேலையிலிருந்து சேனாபதி ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வேலைதான் அவரை விட்டபாடில்லை.

மனைவி காலமான பிறகு மகன் இளமாறன் அவரை அமெரிக்காவில் ஃப்ரீமான்டுக்கு அழைத்து வந்தான். காலையில் மகனும் மருமகளும் ஆளுக்கொரு காரில் கிளம்பிவிட்டால், இருட்டும்வரை அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. அவருக்கு இருந்த ஒரே துணை, வயதானவர்கள் பகலில் கூடுகிற சீனியர் சென்டரில் பழக்கமான லின். தைபேயில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இருவருடைய ஆங்கிலமும் அரைகுறை. அதனாலேயே நன்றாக ஒத்துப்போயிற்று.

1997 அக்டோபரில் சென்டரில் ஐ.நா. தினம் கொண்டாடினார்கள். நாட்டுக்கு ஒரு மேசை, ஒரு கொடி. லின் தைவானுக்குத் தனி மேசை கேட்டார். சீனா என்றால் ஒரே மேசைதான் என்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பெரியவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். நடத்துகிற பெண்மணி கை தூக்கச் சொன்னாள். எண்ணினால் சரிசமம். கை தூக்காமல் இருந்தவர் சேனாபதி மட்டும்.

"இந்தியா என்ன சொல்கிறது?" என்று அவரைக் கேட்டாள்.

பாவி மனுஷன், பேசாமல் சிநேகிதனுக்காகக் கையைத் தூக்கியிருக்கலாம். இந்தியா என்று காதில் விழுந்ததும் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இந்திய அரசு நாற்பத்தொன்பதிலேயே பீகிங் அரசை அங்கீகரித்துவிட்டது. நிலைப்பாட்டில் மாற்றமில்லை."

பெய்ஜிங்காரர்கள் கைதட்டினார்கள். லின் தன் கொடியைச் சுருட்டிக்கொண்டு அருகில் வந்தார். முகத்தில் கோபமில்லை.

"அது இந்தியா. சரி, நீ என்ன சொல்கிறாய்?"

ஆபீசில் சேனாபதியின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. மகன் வீட்டிலோ, என்ன குழம்பு வைக்கட்டும் என்றுகூடக் கேட்பாரில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். லின் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பதில் தயாராக இருந்தது. நீ எந்த மேசை கேட்டாலும் என் கை உனக்குத்தான். அதைச் சொல்லச் சென்டர் திறக்குமுன்பே போய் வாசலில் நின்றார். லின் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. தைவான்காரர்கள் அதிகம் வருகிற வேறொரு சென்டருக்கு, பக்கத்து ஊருக்கு, போய்விட்டாராம்.

அன்றிரவு சேனாபதி சாப்பிடும்போது மகனிடம் கேட்டேவிட்டார்.

"தம்பி, என்னை ஒருக்கா அங்க டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறியா?"

"வீக்எண்ட் போலாம்ப்பா. வீக்டேஸ்ல எங்கப்பா டைம்?"

சனி ஞாயிறில் சீனியர் சென்டர்கள் திறப்பதில்லை. அதைச் சொன்னால் லீவு போடச் சொல்கிறமாதிரி ஆகிவிடும். "சரிப்பா" என்றார்.