கழற்றிவைத்த ஒயர்

கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரர், அவ்வளவுதான். முதலாளி வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டது. ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஒரு கார் விலை சொல்லும் கடை அது. வருகிறவர்களைச் சோபாவில் உட்காரவைத்து, இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் பாடவிட்டு, எது ஒசத்தி, ஏன் ஒசத்தி என்று எடுத்துச் சொல்வது அவர் வேலை.

மனுஷனுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதில் நியாயமும் இருந்தது. இரண்டில் எது ஒரு துளி சத்தமாகப் பாடுகிறதோ, அதுதான் நல்லது என்று எந்தக் காதும் ஏமாந்துபோகும். மற்ற கடைகளில், தள்ளிவிட வேண்டிய ஜோடிக்குச் சத்தத்தைக் கமுக்கமாகக் கூட்டிவைப்பார்கள். இவர் அந்த ஈனவேலையைச் செய்ததே இல்லை. சோபாவின் தலைமாட்டில் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வாயைத் திறப்பார். வாங்கிக்கொண்டு போகிறவர்களை மட்டும் முதுகுக்குப் பின்னால், "காசு இருக்கு, காது இல்ல" என்று நக்கலடிப்பார்.

அந்தக் காதுதான் ஐம்பத்தைந்து வயதில் அவர் காலை வாரியது. வீட்டில் வாஷிங் மெஷின் வேலையை முடித்துக் கீகீ என்று கத்துவது அவருக்குக் கேட்கவில்லை. "பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க, துணியை எடுத்துப் போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்று மனைவி முதலில் சண்டை போட்டாள். பிறகு சண்டையை விட்டுவிட்டு, அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் காதுப் பரிசோதனைக்குப் போனார். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள் அங்கிருந்த பெண். தொழில் தெரிந்தவர் அல்லவா, அடுத்தது எப்போது வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு அழுத்திக்கொண்டே இருந்தார். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், நான் இன்னும் ஒண்ணுமே போடலையே."

ரிப்போர்ட்டை வாங்காமலே எழுந்து வந்துவிட்டார். "காது கல்லு மாதிரி இருக்காம்" என்று மனைவியிடம் ஒரு பொய். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கடையில் தெரிந்தால் தன் கதை முடிந்தது என்ற பயம் மட்டும் தினமும் அவரோடு கடைக்கு வந்து, அவரோடு வீட்டுக்குத் திரும்பியது.

போன மாதம் புது ஜோடி ஒன்று வந்தது. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் தனியாக ஒரு குட்டி ஸ்பீக்கர், கீச்சென்ற உச்ச ஒலிகளுக்கு மட்டும். மற்றபடி பழைய ஜோடியேதான். விலை மட்டும் இரட்டிப்பு. காதுக்காரர் வழக்கம்போல மீட்டரை வைத்தார், இரண்டையும் சமமாக்கினார், பேசினார். "பழசு நல்லா இருக்கு சார், ஆனா மூடிக்கிட்டு இருக்கு. இது பாருங்க, மேல எப்படித் திறக்குதுன்னு." வந்தவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

அன்றைக்கு வந்த பல் டாக்டரும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவிக்கு இதில் எல்லாம் எள்ளளவும் ஆர்வமில்லை. அலுத்துப்போய் அறையைச் சுற்றி வந்தவள், புது ஜோடிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ரெண்டு பெட்டியிலயும் இந்த ஒயர் சும்மா தொங்குதே, இப்படித்தான் இருக்கணுமா?"

காதுக்காரர் போய்ப் பார்த்தார். குட்டி ஸ்பீக்கர்களுக்குப் போகிற ஒயர்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் தூசி துடைக்க அவரே கழற்றியவை. திரும்ப மாட்டவே இல்லை. அதற்குப் பிறகு பதினோரு பேர் அந்தச் சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினோரு பேரிடமும் மேலே திறக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கொடுமை என்னவென்றால், அவர் பொய் சொல்லவில்லை. திறந்தது போலத்தான் அவருக்கும் இருந்தது.

ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றவரைத் தாண்டி முதலாளி பாய்ந்து வந்தார்.

"நான்தான் மேடம் கழட்டச் சொன்னேன். அது இல்லாமலே இப்படின்னா, மாட்டினா எப்படி இருக்கும்னு பாருங்க!"

பல் டாக்டர் ஒயரை மாட்டக்கூடச் சொல்லாமல் அங்கேயே வாங்கிவிட்டார்.

அவர்கள் போன பிறகு காதுக்காரர் முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். இத்தனை நாள் மறைத்ததைக் கொட்டிவிட்டு, கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தார்.

"முதலாளி, எனக்குக் கொஞ்ச நாளா..."

"தெரியும், விடுங்க."

"எது தெரியும்?"

"மேல் சத்தம் எதுவும் உங்களுக்குக் கேக்கலைன்னு ரெண்டு வருஷமா தெரியும். ஒயரு தொங்குறதையும் போன வாரமே பாத்தேன். வியாபாரம்தான் நடக்குதே, எதுக்கு வீணா நோண்டணும்னு விட்டுட்டேன்."

"அப்போ நான் எதுக்கு இங்க?"

முதலாளி சிரித்தார். நல்ல மனுஷன், கிண்டலாகக்கூடச் சிரிக்கவில்லை. "உங்க காதுக்கா நான் சம்பளம் குடுத்தேன்? நீங்க பேசுறதுக்குய்யா! மீட்டரை வெச்சு, கண்ணைச் சுருக்கி, ரெண்டு வார்த்தை சொல்றீங்க பாருங்க, அதை எவன் சொல்லுவான்? போங்க, போய் வேலையைப் பாருங்க."

திட்டியிருக்கலாம். வெளியே போ என்றிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால், இருந்த ஒன்று போய்விட்டது என்றாவது அழுதிருப்பார். அப்படி ஒன்று தேவைப்படவே இல்லை என்றால் மனுஷன் எதை நினைத்து அழுவது?

மறுநாள் காலையில், கடையில் பாடவிடும் ஜோடியில் தொங்கிய ஒயர்களை இறுக்கி மாட்டினார். தானே சோபாவில் உட்கார்ந்து பாட்டைப் போட்டுக் கேட்டார். எழுந்து போய்க் கழற்றிவிட்டுக் கேட்டார். திரும்ப மாட்டிக் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பாட்டு, ஒரே மாதிரி.

பத்து மணிக்கு ஒரு பெரியவர் தனியாக வந்தார். ஓய்வு பெற்ற எஞ்சினியர்; காதில் மெஷின். வெட்கப்பட்டுக்கொண்டே பேசினார்.

"சம்சாரம் போனதுல இருந்து வீடே அமைதியா இருக்கு தம்பி. பாட்டாவது கேக்கலாம்னு பாக்குறேன். எனக்கு வித்தியாசம் எல்லாம் தெரியாது, ஒரு காது சுத்தமா மந்தம். கையில இருக்குற காசு மொத்தமும் ஸ்பீக்கருக்கே சரியாப் போயிடும். நீங்கதான் கேட்டுச் சொல்லணும். உங்க காதை நம்பித்தான் வந்தேன்."

எனக்கும் கேட்காது ஐயா, மலிவானதையே வாங்கிக்கோங்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று எழுதலாம். எழுதினால் அது அவருக்குப் பரிதாபம் தேடுவதாகிவிடும். வாய் நன்றாகவே வந்தது. மீட்டரை வைத்தார். இரண்டையும் சமமாக்கினார். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இதுதான் ஐயா" என்று விலை கூடின ஜோடியைக் காட்டினார்.