உபதேசியாருக்கு வந்த கடுதாசி

மணியடித்து ஓய்வதற்குள் கோயில் கதவைச் சாத்திவிடுவார் பாஸ்கல் உபதேசியார். சின்னக்கானல் தேயிலை மலையின் பனி உள்ளே வந்தால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிந்தி வருகிறவர்கள் வெளியே நின்று விறைக்க வேண்டியதுதான். "கொழுந்தெடுக்க மட்டும் நேரத்துக்குப் போறிய, கோயிலுக்கு ஆடி அசைஞ்சா வாறிய?" என்பார்.

பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறுவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, செத்தவரை அடக்குவது எல்லாம் இவர்தான். பிரசங்கம் செய்ய மட்டும் அனுமதி கிடையாது. அதனால், பாலக்காட்டில் ஓய்வில் இருக்கும் பழைய சாமியார் தமக்கு எழுதும் புத்திமதிக் கடிதங்களைக் கோயிலில் எல்லோர் முன்னும் வாசித்துவிடுவார். மனுஷன் ஒரு வரி விடமாட்டார். "உமக்கு முன்கோபம் அதிகம்" என்றிருந்தால் அதையும் ஆயரின் சுற்றுமடல் மாதிரி கணீரென்று வாசிப்பார். பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். "குரு எழுதுனதுல கை வைக்க நான் யாரு?" என்பார்.

இந்தத் தை மாதம் அந்தக் கோபம் வேலையைக் காட்டிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில், "குட்டிச்சாமி வாறாரு, வழி விடுங்கலே" என்று தோட்டத்து ஆள் சுவக்கீன் இவரைப் பார்த்துக் கேலி செய்தான். அவன் மகள் சிசிலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தால்தான் கல்யாணம். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டராகிய பாஸ்குத் திருநாள் வரை அந்தப் பேச்சே கிடையாது. மீதி இருந்ததே மூன்று ஞாயிறுதான். உபதேசியாரோ ஓலையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரோ நடந்ததைப் பெருமையாகப் பாலக்காட்டுக்கு எழுதியும் போட்டார்.

அந்த வாரமே சனிக்கிழமை பதில் வந்தது. லயத்து வீட்டு வரிசையில் அவருக்கு அடுத்த வீடு எனக்கு. சுவர் வழியே எல்லாம் கேட்கும். "இதையுமா வாசிக்கப் போறீய?" என்றாள் அவர் மனைவி அன்னமேரி.

மறுநாள் வாசித்தார். "உமது கோபத்தை எழுதினீர், அந்தப் பெண்ணின் கண்ணீரை எழுதவில்லையே. ஓலையை உடனே வாசியும். அந்தத் தகப்பனைத் தேடிப் போக வேண்டியவர் நீர்." ஒருவரும் சிரிக்கவில்லை. சிசிலி தலை கவிழ்ந்திருந்தாள். அந்தச் சண்டையால் சுவக்கீன் உள்ளே வரவில்லை. மகளை அனுப்பிவிட்டு வெளியே படிக்கல்லில் உட்கார்ந்திருந்தான்.

உபதேசியார் பீடத்தடியிலிருந்து விறுவிறுவென்று நடந்து போய், கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். பனி குப்பென்று புகுந்தது. இருமிக்கொண்டே பையிலிருந்து ஓலையை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, படிக்கல்லைப் பார்த்து நின்று, உரக்க வாசித்தார்: "மரியாதைக்குரிய சுவக்கீன் அவர்கள் குமாரத்தி சிசிலி..."